சூளைக்குப் போன தேவதாரு

மருமகளின் ஆராய்ச்சியைக் கொளஞ்சியம்மாள் சூளையில் வைத்துச் சுட்டாள் என்பது உண்மை. அதை அவளே மறுக்கவில்லை. வேண்டுமென்று சுட்டாளா, தெரியாமல் சுட்டாளா என்பதில்தான் இரண்டு கட்சி. முதல் கட்சியில் விருத்தாசலம் தொழிற்பேட்டை முழுவதும் இருந்தது. இரண்டாவது கட்சியில் கொளஞ்சியம்மாள் மட்டும் இருந்தாள்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. அமீனுதீன் பாயின் பீங்கான் பட்டறையில் சூளை அடுக்கும் வேலை. ஃபியூஸ் கட்டை, ஹீட்டருக்குப் போகும் பீங்கான் குச்சி, சீசனுக்குச் சின்னப் பொம்மைகள், எது வந்தாலும் எதை எங்கே வைத்தால் கோணாமல் வேகும் என்று அவள்தான் சொல்வாள். குரல் பெரிது. முழங்கால் மோசம். ஏணி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதை ஏணி மேல் நின்றுகொண்டுதான் மற்றவர்களுக்குச் சொல்வாள். கணவர் பக்கவாதத்தில் படுத்துக் கிடந்த காலம் முழுக்க வேலைக்கும் வந்தாள், அவரையும் பார்த்துக்கொண்டாள். நேரம் தவறாமல் புரட்டிப் படுக்க வைத்து, முதுகில் ஒரு புண் வராமல் அனுப்பிவைத்தாள். அழுதாளா என்று யாருக்கும் தெரியாது. புண் வரவில்லை என்பது மட்டும் தெருவுக்கே தெரியும், ஏனென்றால் அவள் சொல்லியிருந்தாள்.

ஒரே மகன் பூபாலனுக்கு ரயில்வே ஜங்ஷனில் சிக்னல் பிரிவில் வேலை. அவனுக்குச் சேத்தியாத்தோப்பிலிருந்து பெண் எடுத்தார்கள். பெயர் ஜெயஸ்ரீ. படித்த பெண் என்று தரகர் சொன்னார். இன்னும் படித்து முடிக்காத பெண் என்பதை அவர் சொல்லவில்லை. கல்யாணமான கையோடு அவள் டேராடூனுக்கு ரயிலேறிவிட்டாள். அங்கே மலைக்காட்டு மரங்களைப் பற்றி ஆராய்ச்சி. தீபாவளிக்கு வருவாள், லீவு கிடைத்தால் இன்னொரு முறை வருவாள்.

"மவன் ஜங்ஷன்ல, மருமவ இமயமலையில, நடுவுல நான் ஒருத்தி சோறாக்கிக்கிட்டு இருக்கறன். அந்தப் படிப்பத் தூக்கி அடுப்புல போட்டுட்டு வூட்டோட வந்து இரும்மான்னா கேக்குறாளா" என்று கொளஞ்சியம்மாள் தெருக்குழாயில் சொல்வது வழக்கம். பட்டறையிலும் சொல்வாள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வாள். அது வெறும் வாய்ப்பேச்சு. ஆனால் கேட்டவர்கள் எல்லாரும் அதைப் பத்திரமாக ஞாபகத்தில் வைத்திருந்தார்கள்.

இந்த வருஷம் ஜெயஸ்ரீ மலையிலிருந்து நேராக ஊருக்கு வந்தாள். ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. துணிப்பையை ஈரத்தில் போட்டுவிட்டு, ஒரு நீல டப்பாவை மட்டும் துண்டில் சுற்றிக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். உள்ளே வந்ததும் முதலில் அதைத்தான் திறந்தாள். காகித ஸ்ட்ராக்கள் வரிசையாக இருந்தன.

"என்னாம்மா இது, ஊதுவத்தியா?"

"மரம் அத்தை. தேவதாரு."

"மரத்த எதுக்கு ஸ்ட்ராவுல போட்டு வச்சிருக்க?"

ஜெயஸ்ரீ ஒன்றை உருவிக் காட்டினாள். பென்சிலை விட ஒல்லியான மரக்குச்சி. நெடுகிலும் நெருக்கமாகக் கோடுகள். மரத்தின் நெஞ்சுவரைக்கும் ஒரு குழாய்க் கருவியைத் திருகி விட்டு இந்தக் குச்சியை வெளியே இழுப்பார்களாம். மரம் சாகாது, ஓட்டையைப் பிசின் விட்டுத் தானே அடைத்துக்கொள்ளும். ஒரு கோட்டுக்கு ஒரு வருஷம். நல்ல வருஷத்தில் கோட்டுக்குக் கோடு இடைவெளி அகலம், கஷ்டமான வருஷத்தில் நெருக்கம்.

"இது ஒரே சரிவுல எடுத்ததுங்க அத்தை. பத்துப் பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி மலைய வெட்டி ரோடு போட்டாங்க. அடுத்த மழையில சரிவு இறங்கிடுச்சு. பாதி மரம் வுழுந்துருச்சு. மிச்சது சாஞ்சபடிக்கி நின்னுச்சு. அந்த அடிக்கப்புறம் அது எத்தினி வருசத்துல பழையபடி வளர ஆரம்பிச்சுது, இல்ல தேறவே இல்லியா, அதத்தான் நான் பாக்குறன்."

"இன்னொரு தடவ போயி எடுத்துக்க முடியாதா?"

"நான் எடுத்த மறுநாளே பெஞ்ச மழையில அந்தச் சரிவே ஆத்துக்குள்ள போயிருச்சு. இப்ப மரமே இல்ல. இதான் இருக்குது. அதுவும் ஈரமா இருக்குது, பூசணம் புடிச்சா போச்சு."

கொளஞ்சியம்மாள் குச்சியை மூக்கருகே வைத்து மோந்தாள். பூசணத்தின் முதல் வாடை அவளுக்குத் தெரியும். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். மூன்று நாள் மழையில் சுவர் வேர்த்திருந்தது.

"இந்த வூட்டுல அப்பளமே காயாது. பட்டறையில காயப்போடற ரூமு இருக்குது. அந்தாண்ட செவுரு சூளைச் செவுரு. குடு, நான் கொண்டுபோறன்."

"சூடு ஜாஸ்தியானா முறுக்கிக்கும் அத்தை."

"முறுக்கிக்காம காய வெக்கத்தான் எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க."

பட்டறையில் மெல்லிய பீங்கான் குச்சிகளைச் சும்மா காய வைத்தால் வாழைப்பழம் போல வளையும். அதனால் சுட்டமண் பெட்டியில் வெள்ளைப்பொடியைக் கொட்டி, அதில் குச்சிகளைப் புதைத்து வைப்பார்கள். நாலா பக்கமும் பொடி அணைத்திருப்பதால் நேராக நிற்கும். கொளஞ்சியம்மாள் தேவதாருக் குச்சிகளை ஸ்ட்ராவோடு அப்படியே புதைத்தாள். மூடி போட்டு அலமாரியில் வைத்தாள். அலமாரிக்கு நேர் மேலே கூரையில் ஒழுக்கு இருந்ததால், சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாமலிருக்க மூடியின் இடுக்கில் சுற்றிலும் களிமண் பூசினாள். நல்ல மனசோடு, கைப்பழக்கம் எப்படியோ அப்படி, ஒரு குறையில்லாமல் செய்தாள்.

அந்தப் பட்டறையில் இடுக்கில் மண் பூசிய பெட்டி என்றால் சூளைக்குத் தயாரான பெட்டி என்று அர்த்தம். இது சட்டம். சட்டம் போட்டது கொளஞ்சியம்மாள். அவளோடு அடுக்கும் ஆராயி முன்பெல்லாம் ஒவ்வொரு பெட்டிக்கும் "எக்கா, இத ஏத்தலாமா, எக்கா, இத ஏத்தலாமா" என்று கேட்டு உயிரை எடுத்ததால், ஒரு நாள் பொறுமை போய், "மண்ணு பூசியிருந்தா ஏத்து, பூசலன்னா ஏத்தாத, என்ன ஒண்ணுங் கேக்காத" என்று அவள் கத்தியிருந்தாள். ஆராயி அன்றிலிருந்து கேட்பதில்லை.

மறுநாள் கொளஞ்சியம்மாள் லீவு போட்டாள். மருமகளுக்கு மலையில் சப்பாத்தியே தின்று நாக்கு செத்திருக்கும் என்று கெளுத்தி மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். அதற்கடுத்த நாள் ஆராயிக்கும் ஒரு தூக்கில் குழம்பு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். சூளை எரிந்துகொண்டிருந்தது.

"எக்கா, நீங்க பூசி வச்சிருந்த பொட்டியயும் ஏத்திட்டன். ஓரத்துல வெக்கல, நல்ல எடமாப் பாத்து நடுவுல வச்சிருக்கறன்" என்றாள் ஆராயி. தூக்கை வாங்கிக்கொண்டு ஒரு பாராட்டை எதிர்பார்த்து நின்றாள்.

கொளஞ்சியம்மாள் காயப்போடும் அறைக்குள் போனாள். அலமாரியில் பெட்டி இருந்த இடத்தில் ஒழுகிய தண்ணீர் வட்டமாகத் தேங்கியிருந்தது. திரும்பி வந்து சூளையின் மீட்டரைப் பார்த்தாள். எண்ணூறு டிகிரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"ஆராயி, அதுல இருந்தது மருமவளோட மரம்டி."

"எந்த மரம்?"

"ஆராய்ச்சி மரம்."

ஆராயி தூக்கைக் கீழே வைத்தாள். "அடுப்புல போடுறன் அடுப்புல போடுறன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க. நீங்க சும்மா சொல்றீங்கன்னுல்ல நெனச்சன்."

"நான் போடலடி, நீதான் போட்ட."

"மண்ணு பூசுனது யாரு?"

சத்தம் கேட்டு அமீனுதீன் பாய் உள்ளேயிருந்து வந்தார். பதினைந்து வருஷம் குவைத்தில் இருந்து சம்பாதித்து இந்தப் பட்டறையைப் போட்டவர். எதற்கும் பதறமாட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு மீட்டரைப் பார்த்தார்.

"இப்ப நிறுத்துனாலும் பிரயோஜனம் இல்லக்கா. மரம்லாம் முந்நூறுலயே போயிருக்கும். நிறுத்துனா நம்ம ஃபியூஸ் கட்டையும் சேந்து போவும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வேணும்னே செஞ்சிருந்தாலும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம். சூளை என்னோடதுல்ல."

"பாய், நான் வேணும்னே செய்யல."

"நான் ஒண்ணும் சொல்லலக்கா" என்றார் பாய், எல்லாம் தெரிந்தவரைப் போல.

அவள் தெருவுக்கு வந்து ஆட்டோவைக் கைகாட்டினாள். ஓட்டுகிற திருமால் அவளுக்குத் தூரத்துச் சொந்தம். அவள் ஏறி உட்காரும் முன்பே கேட்டான்.

"என்னா சித்தி, மருமவ படிப்ப சூளையில வச்சிட்டீங்களாமே?"

"உனக்கு அதுக்குள்ள யாருடா சொன்னது?"

"டீக்கடையில பேசிக்கிட்டாங்க. நல்லதுதான் சித்தி. இனிமேட்டு வூட்டோட இருக்கும்."

"வாய மூடிக்கிட்டு வேகமா ஓட்டு. வேற எவனாச்சும் அவகிட்டச் சொல்றதுக்குள்ள நான் சொல்லணும்."

அதுதான் அவளுக்குப் பெரிய கவலையாக இருந்தது. குச்சி போனது போனதுதான். ஆனால் அது மாமியார் கையால் வேண்டுமென்று போனது என்று அந்தப் பெண் ஒரு நிமிஷம் நம்பிவிட்டால், பிறகு எத்தனை வருஷமானாலும் அந்த வீட்டில் குழம்பின் ருசி திரும்பாது.

ஜெயஸ்ரீ தலை துவட்டிக்கொண்டிருந்தாள். பூபாலன் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கொளஞ்சியம்மாள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஜெயா, உன் மரம் சூளையில எரிஞ்சுக்கிட்டு இருக்குது. காயறதுக்கு நான் வச்ச பொட்டி. மண்ணு பூசியிருந்துச்சுன்னு ஆராயி ஏத்திட்டா. தப்பு என்னுது. நீ சாப்டியா?"

பூபாலன் வாயில் வைத்த கவளத்தோடு நிமிர்ந்தான். "யம்மா, நீ குழாயடியில சொல்லிக்கிட்டு இருந்தியே..."

"நீ சோத்தத் தின்னு."

ஜெயஸ்ரீ துண்டைக் கொடியில் போட்டாள். பின்கட்டுக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூபாலன் எழுந்தான். கொளஞ்சியம்மாள் அவனைத் தோளில் அழுத்தி உட்கார வைத்தாள். விழுந்தவர்களை உடனே தூக்கி நிறுத்தக் கூடாது, முதலில் மூச்சு வரட்டும் என்று விட வேண்டும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு தம்ளர் மோரைக் கரைத்துப் பின்வாசல் படியில் வைத்துவிட்டு உள்ளே வந்து பாத்திரம் கழுவினாள். ஒவ்வொரு பாத்திரத்தையும் இரண்டு தடவை கழுவினாள்.

வெகுநேரம் கழித்துத் தம்ளர் காலியாகத் திரும்பி வந்தது. ஜெயஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அத்தை, அந்தப் பொட்டிக்குள்ள காத்து போவுமா?"

"எப்பிடிப் போவும்? மண்ணு பூசியிருக்குது, உள்ளார முழுக்கப் பொடி."

"பொடி எரியாதா?"

"அது எதுக்கும் அசையாது. நாங்கல்லாம் போனப்புறமும் அது இருக்கும்."

ஜெயஸ்ரீ எழுந்து நின்றாள். "காத்து போவலன்னா மரம் சாம்பலாவாது அத்தை. கரியாவும்."

"கரின்னா?"

"அடுப்புக்கரி மாதிரி. கரியானாலும் கோடு அப்பிடியே இருக்கும். சில பேரு பழைய காலத்துக் கரியத் தோண்டி எடுத்து அதுல கோடு எண்ணுறாங்க."

"எண்ணுறதுக்குன்னே சம்பளம் குடுக்குறாங்களா?" என்று பூபாலன் கேட்டான். இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள். அவன் டூட்டி இல்லாவிட்டாலும் ஜங்ஷன் பக்கம் போய்வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டான்.

சூளையை நினைத்தபோது திறக்க முடியாது. எரிந்து முடிந்து தானாக ஆற வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெடிக்கும். அதுவரை மாமியாரும் மருமகளும் பட்டறை வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டு, பிரசவ வார்டு வாசலில் இருப்பதைப் போல உட்கார்ந்திருந்தார்கள். தொழிற்பேட்டையில் அந்தப் பக்கம் வேலையே இல்லாதவர்கள்கூட அந்தப் பக்கமாக வந்து போனார்கள்.

"எல்லாரும் நான் வேணும்னே செஞ்சன்னு சொல்றாங்க" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"தெரியும். ஆட்டோக்காரரு சொன்னாரு. டீக்கடைக்காரரும் சொன்னாரு. ஆராயி அக்கா நேத்தே வந்து சொல்லிட்டுப் போனாங்க."

"நீ என்னா நெனைக்கிற?"

"வேணும்னு செய்யறதா இருந்தா நீங்க எதுக்கு அத்தை அவ்ளோ அழகா அடுக்கி, பொடி போட்டு, மண்ணு பூசணும்? டப்பாவோட தூக்கிப் போட்டுட்டுப் போயிருக்கலாமே."

கொளஞ்சியம்மாளுக்கு இந்த வாதம் தனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது. அதை உடனே மனப்பாடம் செய்துகொண்டாள்.

சிறிது நேரம் கழித்து, "அந்த மரமெல்லாம் தேறுச்சா?" என்று கேட்டாள்.

"சிலது மூணு நாலு வருசத்துல பழைய அகலத்துக்கு வந்துரும். சிலது வரவே வராது, ஆனா சாவாது. சன்னம் சன்னமாக் கோடு போட்டுக்கிட்டு அப்பிடியே நிக்கும்."

"உன் மாமா அந்த ரகம்" என்றாள் கொளஞ்சியம்மாள். அவள் குரலில் வருத்தம் எதுவும் இல்லை. "பிசியோதெரபி பண்ண வந்த பையன் தேறிடும் தேறிடும்னு சொல்லிக்கிட்டே இருந்தான். தேறல. ஆனா கடைசி வரைக்கும் எங்கிட்ட உப்பு பத்தலன்னு சண்ட போட்டாரு."

சூளை திறந்த அன்று பாயும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். ஆராயி பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி வந்தாள். மூடி இறுகியிருந்தது. கொளஞ்சியம்மாள் உளியை வைத்துத் தட்டிப் பூச்சை உடைத்தாள். ஒரு மூலையில் பூச்சு முன்பே விரிந்திருந்தது. அந்த மூலையில் பொடிக்குள் வெறும் பள்ளங்கள்தான் இருந்தன. குச்சிகள் இருந்த இடம் குச்சி வடிவத்தில் காலியாக இருந்தது. ஜெயஸ்ரீயின் முகம் வாடியது.

"நடுவுல பாரு" என்றாள் கொளஞ்சியம்மாள்.

ஜெயஸ்ரீ பவுடர் பூசும் பிரஷ்ஷால் வெள்ளைப்பொடியை மெல்லத் தள்ளினாள். கறுப்பாக ஒரு குச்சி. பக்கத்தில் இன்னொன்று. மை போலக் கறுத்து, முன்பு இருந்ததில் முக்கால் பங்குதான் நீளம். சில துண்டு துண்டாக உடைந்திருந்தன. அவள் ஒன்றை உள்ளங்கையில் ஏந்தி லென்ஸை வைத்தாள்.

"இருக்குது" என்றாள். "கோடு இருக்குது. தோ, சரிவு இறங்குன வருசம். அதுக்கப்புறம் நெருங்கிக்கிட்டே போவுது பாருங்க. தோ, இங்க மறுபடி விரியுது."

ஆராயி எட்டிப் பார்த்தாள். "எனக்கு ஒரு எழவும் தெரியல" என்றாள். ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தாள்.

பாதிக்குப் பாதி பிழைத்திருந்தது. ஆனால் எந்தக் குச்சி எந்த மரம் என்று எழுதியிருந்தது ஸ்ட்ராக்களின் மேல்தான். அவை கரித்தூளாகிவிட்டிருந்தன. ஜெயஸ்ரீ டேராடூனில் இருக்கும் பேராசிரியருக்கு வீடியோ கால் போட்டாள். அவள் பேசப்பேச அவருடைய புருவம் மேலே ஏறியது. அவர்கள் இங்கிலீஷில் பேசினார்கள். கொளஞ்சியம்மாள் அந்தச் சின்னத் திரைக்குள் தலையை நுழைத்தாள்.

"என்னா சொல்றாரு?"

"தனித்தனி மரமாப் பாக்க முடியாது, மொத்தச் சரிவு எப்பிடித் தேறுச்சுன்னுதான் சொல்ல முடியும்னு சொல்றாரு. சுருங்கியிருக்குதேன்னு கேட்டாரு. முன்னாடி எவ்ளோ அகலம், பின்னாடி எவ்ளோ அகலம்னு ஒண்ணுக்கொண்ணு ஒப்பிடத்தானே போறோம், எல்லாம் ஒண்ணாச் சுருங்கியிருந்தா கணக்கு மாறாது, சோதிச்சுப் பாக்குறன்னு சொன்னன்."

"நான் வேணும்னே செய்யலன்னு சொல்லு."

"அத அவரு கேக்கவே இல்லிங்களே, அத்தை."

"கேக்கலன்னாலும் சொல்லு."

ஜெயஸ்ரீ சொன்னாள். பேராசிரியர் திரையில் கும்பிட்டார். கொளஞ்சியம்மாளும் கும்பிட்டுவிட்டு, இது போதாது என்று தலையை ஆட்டினாள். "இத நீ எழுதுவல்ல, உங்க ஆபீசுக்கு, புஸ்தகத்துக்கு?"

"எழுதணும். எப்பிடிக் கரியாச்சுன்னு எழுதாம வுட முடியாது."

"அதுல தெரியாமச் செஞ்சதுன்னு போடு. அச்சுல வரணும்."

ஜெயஸ்ரீ ஒத்துக்கொண்டாள். ஒரு வாரம் கழித்து, கறுப்புக் குச்சிகளைப் பஞ்சில் வைத்துக் கட்டிக்கொண்டு ரயிலேறினாள். சும்மா போகவில்லை. பட்டறையில் வேறு மரத்துக் குச்சிகளை வேண்டுமென்றே பெட்டியில் வைத்து, அளந்து, சுட்டு, மறுபடி அளந்து எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பாய் சூளைக்கூலி வாங்கவில்லை. கொளஞ்சியம்மாள் ஏணி மேல் நின்று மேற்பார்வை பார்த்தாள். இதைப் பார்த்த தொழிற்பேட்டைக்காரர்கள், மாமியாருக்கு ருசி கண்டுவிட்டது, இனி மாதாமாதம் சுடுவாள் என்று பேசிக்கொண்டார்கள்.

கட்டுரை அடுத்த வருஷம் ஆடியில் அச்சில் வந்தது. அந்தச் சரிவில் பிழைத்து நின்ற மரங்களில் பெரும்பாலானவை நாலைந்து வருஷத்தில் தேறின, ஆனால் தேறியும் இரண்டாவது அடியை அவற்றால் தாங்க முடியவில்லை என்பது அதன் சாரம். ஜெயஸ்ரீ ஒரு பிரதியை மாமியாருக்குத் தபாலில் அனுப்பியிருந்தாள். ஒரு பக்கத்தில் ஒரு வரிக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டிருந்தாள்.

கொளஞ்சியம்மாள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். டீ வரும் நேரம் பார்த்து, எல்லாரும் இருக்கும்போது பாயிடம் நீட்டினாள்.

"கோடு போட்டிருக்கற எடத்தச் சத்தமாப் படிங்க. தமிழ்ல சொல்லுங்க."

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "மரக்குச்சிகள் மூடிய பெட்டியில், தவறுதலாக, ஆயிரத்து இருநூறு டிகிரியில் சுடப்பட்டன."

"எப்பிடிச் சுடப்பட்டன?"

"தவறுதலாக்கா."

"கேட்டுக்குங்க" என்றாள் கொளஞ்சியம்மாள், சுற்றிலும் பார்த்து. "தவறுதலா. அச்சுல இருக்குது."

ஆராயி டீயை ஊதிக் குடித்தாள். "அத எழுதுனது யாரு?"

"ஜெயாதான்."

"அப்ப வேற எப்பிடி எழுதுவா? நாளைக்கி வந்து உங்ககூட இருக்கப்போறவ. உங்களுக்குப் பயந்துக்கிட்டு எழுதியிருப்பா."

பட்டறையே சிரித்தது. பாயும் சிரித்தார். கொளஞ்சியம்மாள் அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, மடிப்பு கலையாமல் மறுபடி இடுப்பில் செருகினாள்.

"எனக்குப் பயப்படறவளா இருந்தா அவ எப்பவோ படிப்ப வுட்டுட்டு வந்து எனக்குச் சோறாக்கிப் போட்டிருப்பாடி" என்றாள்.

ஆராயி மிச்ச டீயைக் குடித்துவிட்டு எழுந்து வேலைக்குப் போனாள்.